கீழ் வளைவில் ஹார்ன்

ஜீப்பை ஒப்படைத்த அன்று லைன் சார் சாவியை நீட்டினார். ஆனால் விரலை விடவில்லை. ஸ்டோர் கீப்பர் சாவியின் ஒரு முனையைப் பிடித்து இழுக்கிறார், இவர் மறுமுனையை இறுகப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருக்கிறார்.

“ரெண்டாவது கியர் லேசுல விழாது. கொஞ்சம் இடது பக்கமா அழுத்திப் போடணும். காலையில சோக்கை முழுசா இழுத்துடக் கூடாது, பாதிதான்.”

“யாரு சார் போடப்போறா? ஏலத்துக்குப் போற வண்டி இது. விடுங்க, ரசீது எழுதணும்.”

விட்டார். பத்தொன்பது வருடம் ஓட்டிய வண்டிக்கு ஒரு துண்டு மஞ்சள் ரசீது கிடைத்தது. அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மலை மேல் இருக்கும் அணையிலிருந்து நகரத்துக்கு வரும் குடிநீர்க் குழாயைப் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. முப்பத்தெட்டு கிலோமீட்டர் குழாய் லைன், அதனால்தான் அவர் லைன் சார். வழியில் நாலு வால்வு நிலையங்கள், ஒவ்வொன்றிலும் ஓர் ஆபரேட்டர். அந்த ஆபரேட்டர் மணிக்கு ஒருமுறை எழுந்துபோய் அழுத்தமானியைப் பார்த்து, எண்ணைப் பதிவேட்டில் எழுத வேண்டும். எழுதியிருக்கிறானா என்று பார்த்துக் கையெழுத்துப் போட லைன் சார் செவ்வாயும் வெள்ளியும் மேலே ஏறுவார். பாதை கல்லும் குழியுமாக இருக்கும். சாதாரண வண்டி ஏறாது, ஜீப்தான் ஏறும். ஏறும்போது அது போடும் சத்தத்தில் எதிர்மலையிலிருக்கும் குரங்குகூட ஒருமுறை திரும்பிப் பார்க்கும்.

இனிமேல் பெட்ரோல் வண்டியே கூடாது என்று மேலிடத்து உத்தரவு. ஓய்வு பெற இரண்டே மாதம் இருக்கிற ஆளிடம் புது வண்டியைக் கொடுத்து யாருக்கு என்ன லாபம் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எலக்ட்ரிக் டிரக் வந்து இறங்கியது. வெள்ளை நிறம், நாலு சக்கரமும் இழுக்கும், பின்னால் சாமான் போடத் தொட்டி, முன்னால் கைக்குட்டை அகலத்துக்கு ஒரு திரை.

முதல் நாள் பொத்தானை அழுத்திவிட்டு அது ஸ்டார்ட் ஆவதற்காகக் காத்திருந்தார். இரண்டு நிமிடம் காத்திருந்தார். அது எப்போதோ ஸ்டார்ட் ஆகிவிட்டிருந்தது. “சீட் பெல்ட்டை அணியவும்” என்று ஒரு பெண் குரல் சொன்னது.

“போட்டுக்கறேன்மா” என்றார் லைன் சார்.

சொன்ன பிறகுதான் வெட்கமாகப் போய்விட்டது. வீட்டில் அவரிடம் இதைச் செய், அதைப் போட்டுக்கொள் என்று ஒரு பெண் குரல் சொல்லி ஆறு வருடம் ஆகிறது. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு குவார்ட்டர்ஸில் பேசுவது ரேடியோ மட்டும்தான். அதுவும் பேட்டரி தீர்ந்து கிடக்கிறது.

மலைப்பாதையில் ஏறும்போது இன்னொரு விஷயம் தெரிந்தது. வண்டிக்குள் யாரோ முணுமுணுவென்று பேசிக்கொண்டே வந்தார்கள். ‘பள்ளம் பள்ளம், பாத்துப் போ. இந்தா, இந்த மரம் போன வாரம் சாயலையே. மழையா பெஞ்சுது?’ திரையிலிருந்துதான் வருகிறதோ என்று குனிந்துகூடப் பார்த்தார். அவரேதான் பேசிக்கொண்டிருந்தார். இத்தனை வருடமாக ஜீப் சத்தத்துக்குள் வாய் ஓயாமல் தனக்குத்தானே பேசிக்கொண்டு வந்திருக்கிறார், ஒரு நாளும் அது அவர் காதில் விழவில்லை. இப்போது விழுந்ததும் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். மூடியதும் வண்டிக்குள் ஒன்றுமே இல்லை. சக்கரத்தடியில் சரளை நொறுங்குவது மட்டும் கேட்டது. அந்தக் காலை அவருக்குப் பெரும் தனிமையாக இருந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. வண்டி மாறியதில் அந்த வாரம் செவ்வாய்க்கிழமை அவர் மேலே ஏறவில்லை. அவர் சட்டைப் பையில் ஒரு படிவம் இருந்தது.

ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். மகள் போன வாரம் போனில், “அப்பா, ஹால்ல உங்களுக்காக ஒரு சோபா வாங்கிட்டோம். மடிச்சா சோபா, விரிச்சா கட்டில். பசங்க டியூஷன் முடிஞ்சதும் விரிச்சுக்கலாம்” என்று சொன்னாள். நல்ல மகள்தான். அவள் வீட்டில் இருப்பதே இரண்டு அறை. அந்தச் சோபாவில் உட்கார்ந்து டியூஷன் எப்போது முடியும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மிச்ச வாழ்க்கையை ஓட்ட அவருக்கு மனம் இல்லை.

அவர் கண் வைத்திருந்தது மூன்றாவது நிலையத்தின் மேல். அங்கே ஆபரேட்டர் குடியிருக்கும் வீட்டை ஒட்டி இன்னோர் அறை காலியாகக் கிடந்தது. ஓய்வு பெற்றவர்கள் அதைக் கேட்டு வாங்கலாம். ஒரே ஒரு நிபந்தனை, அங்கே குடியிருக்கும் ஆபரேட்டர் தனக்கு ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். அதற்கான படிவம்தான் பையில் இருந்தது.

ஆட்சேபணையா? மூன்றாவது நிலைய ஆபரேட்டர் தன் உயிர்ச் சிநேகிதன் என்று லைன் சார் நினைத்திருந்தார். நினைக்கக் காரணமும் இருந்தது. எந்த வாரம் போனாலும் கேட் அகலத் திறந்திருக்கும். வேப்பமரத்தடியில் துடைத்த நாற்காலி இருக்கும். பதிவேடு விரித்து வைத்திருக்கும். உட்கார்ந்த உடனே ஆவி பறக்கும் டீ வரும். ‘நம்மை எதிர்பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறான் மனுஷன்’ என்று இவருக்கு உச்சி குளிர்ந்துபோகும். ஒரு மணி நேரம், சில நாள் ஒன்றரை மணி நேரம் அங்கேயே பேசிக்கொண்டிருப்பார். மனைவி போன பிறகு வாரத்தில் அவர் வாய்விட்டுச் சிரிப்பது அங்கேதான். போன வாரம் ஜீப்பில் ஏறும்போது, “அடுத்த தடவை வரும்போது உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்” என்றும் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு நாள் ஜீப் பாதி வழியில் படுத்துவிட, லைன் சார் இரண்டாவது நிலையத்துக்கு நடந்தே போனார். அங்கே அப்போதிருந்த ஆபரேட்டர் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். பதிவேட்டில் ஐந்து மணி நேரம் வெற்றாக இருந்தது. இவர் ரிப்போர்ட் எழுதினார். அவனை வேலையை விட்டே தூக்கிவிட்டார்கள். ‘கடமையைச் செய்தேன்’ என்று பத்து நாளில் இவர் மறந்துபோனார். மலை மேல் இருந்தவர்கள் யாரும் மறக்கவில்லை. அந்த நாளுக்குப் பிறகு பதிவேடுகள் பளிச்சென்று இருப்பதைப் பார்த்து, நம் கண்டிப்பால் எல்லோரும் திருந்திவிட்டார்கள் என்று பெருமைப்பட்டுக்கொண்டார். ஜீப் அதற்குப் பிறகு வழியில் நிற்கவே இல்லை, பாவம்.

புது வண்டியில் ஏறிய இந்த வெள்ளிக்கிழமை, முதல் நிலையத்தில் ஆபரேட்டர் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஓடி வந்தான். “சார், நீங்க... எப்படி சார்?” என்றான். லைன் சார் சிரித்தார். இரண்டாவது நிலையத்தில் ஆளே இல்லை. கால் மணி நேரம் கழித்து அங்குள்ள ஆபரேட்டர் எங்கிருந்தோ மூச்சிரைக்க வந்து வண்டியைப் பார்த்து விழித்தான். புது வண்டியைப் பார்த்து எல்லோரும் மிரள்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு இவர் மேலே ஏறினார்.

மூன்றாவது நிலையத்தின் கேட் மூடியிருந்தது.

பத்தொன்பது வருடத்தில் அந்தக் கேட்டை மூடி அவர் பார்த்ததில்லை. உடம்பு கிடம்பு சரியில்லையோ என்று பதறி, டிரக்கை மதிலோரம் நிறுத்திவிட்டு இறங்கினார். கேட்டில் கை வைக்கப் போனபோது உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. கம்பி இடுக்கு வழியாகப் பார்த்தார். வேப்பமரத்தடியில் பாயை விரித்து ஆபரேட்டர் பனியனோடு மல்லாந்து படுத்திருந்தான். பக்கத்தில் அவன் மனைவி துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். பதிவேடு திண்டு மாதிரி அவன் தலைக்கடியில் இருந்தது.

“ஏங்க, எழுந்திருங்க. இன்னிக்கு வெள்ளிக்கிழமை, அவர் வர்ற நாளு. புது வண்டி கொடுத்துட்டாங்களாம், சத்தமே வராதாம். முன்னயாவது கீழ் வளைவுல ஜீப் உறுமினா ஆறு நிமிஷம் கிடைக்கும். கேட்டைத் திறந்து, நாற்காலியைத் துடைச்சு, நாலு மணி நேரத்து நம்பரை நீங்க எழுதி, நான் டீ போட்டுன்னு எல்லாம் முடிஞ்சுடும். இனிமே என்ன பண்றது?”

“இன்னும் ரெண்டே மாசம்தான். பல்லைக் கடிச்சுக்க.”

“ரெண்டு மாசமா? வந்தா எந்திரிக்கவே மாட்டாரு மனுஷன். போன வாரம் சொன்ன அதே கதையை இந்த வாரமும் சொல்வாரு, நீங்களும் புதுசா கேக்கற மாதிரி சிரிப்பீங்க.”

“சிரிக்காம? ரிப்போர்ட் எழுதிட்டாருன்னா யாரு வாங்கிக் கட்டிக்கறது?” பதிவேட்டைத் தலைக்கடியில் சரிசெய்துகொண்டான். பிறகு, “பாவம், அவருக்கு வீட்ல யாரு இருக்கா?” என்றான்.

அந்தப் ‘பாவம்’தான் லைன் சாரைக் கொன்றது. பயப்படுகிறார்கள் என்றால் அதிகாரி என்று தலையை நிமிர்த்திக்கொண்டு போயிருக்கலாம். பொய் எண் எழுதுகிறார்கள் என்றால் உள்ளே போய் எகிறிக் குதித்திருக்கலாம், அதற்கு அவருக்குச் சட்டம் தெரியும். பாவம் என்று சொன்னால் எந்தச் சட்டத்தைக் காட்டுவது?

பூனை மாதிரி பின்வாங்கி டிரக்கில் ஏறினார். ரிவர்ஸ் போட்டால் பீப் பீப் என்று அது ஊரைக் கூட்டிவிடும். நியூட்ரலில் போட்டு, பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, ஜன்னலில் தலையை நீட்டிப் பின்னால் பார்த்தபடி சரிவில் உருளவிட்டார். ஐம்பத்தொன்பது வயதில், திருட வந்த இடத்தில் நாய் விழித்துக்கொண்டவனைப் போல, சத்தம் காட்டாமல் ஒரு மனுஷன் பின்பக்கமாக மலை இறங்கினார். மதில் மறைந்ததும் வண்டியைத் திருப்பிக்கொண்டு கீழ் வளைவுக்குப் போய் நின்றார்.

நின்று கொஞ்சம் அழுதார். அழுகைச் சத்தமும் வண்டிக்குள் நன்றாகவே கேட்டது.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு ஹார்னை அழுத்தினார். நீளமாக, எதிர்மலையில் மோதித் திரும்பி வரும் வரை அழுத்தினார். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஆறு நிமிடம் காத்திருந்தார். ஒரு நிமிடம் சேர்த்தே கொடுத்தார்.

கேட் அகலத் திறந்திருந்தது. நாற்காலியில் ஈரம் காயவில்லை. ஆபரேட்டர் சட்டையின் கடைசிப் பொத்தானை மாட்டிக்கொண்டே ஓடி வந்தான்.

“வாங்க சார், வாங்க! இப்பதான் உங்களை நெனச்சேன். அட, வண்டி ஜோரா இருக்கே!”

பதிவேட்டில் எட்டு மணி, ஒன்பது மணி, பத்து மணி, பதினொரு மணி நாலும் ஒரே மையில் மினுங்கின. லைன் சார் எழுந்துபோய் அழுத்தமானியைத் தானே பார்த்தார். முள் சரியான இடத்தில்தான் நின்றது. திரும்பி வந்து பேனாவைத் திறந்தார். அடியில் கையெழுத்துப் போட்டார். தெரிந்தே அவர் போட்ட முதல் பொய்க் கையெழுத்து அது.

டீ வந்தது. வழக்கம்போல அவர் ஒரு கதையைத் தொடங்குவார் என்று ஆபரேட்டர் சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு எதிரில் நின்றான். இவர் டீயை ஊதி ஊதிக் குடித்தார். அவன்தான் கேட்டான்.

“போன வாரம் ஏதோ கேக்கணும்னு சொன்னீங்களே சார்?”

படிவம் மார்பில் மொடமொடத்தது. பின்னால் அந்தக் காலி அறையின் ஜன்னல் தெரிந்தது. அவன் மனைவி சமையலறை வாசலில் வந்து நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

“கேக்கறதுக்கு ஒண்ணுமில்ல, சொல்றதுக்குத்தான். இந்த வண்டில சத்தம் வராது பாருங்க. அதனால இனிமே கீழ் வளைவுலயே ஹார்ன் அடிச்சுட்டு வரேன்.”

“ரொம்ப நல்லதுங்க சார்” என்றான், இவர் முடிப்பதற்குள்.

“ஆமாங்க சார், ரொம்ப நல்லது” என்றாள் அவளும். இத்தனை வருடத்தில் அவள் அவரிடம் நேராகப் பேசியது அன்றுதான். “இன்னும் கொஞ்சம் டீ ஊத்தட்டுங்களா?”

“வேண்டாம்மா. மேல இன்னொரு நிலையம் இருக்கு.”

“அதுக்குள்ளயா சார்?” என்றான் ஆபரேட்டர். சொல்லும்போதே அவன் கால் கேட் பக்கம் திரும்பிவிட்டது. வண்டி வெளியேறும் வரை கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாக நின்றான்.

டிரக் பத்தடி போயிருக்காது. பின்னால் கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. வாரம் இரண்டு முறை, இத்தனை வருடமும் அவர் முதுகுக்குப் பின்னால் அது விழுந்துகொண்டுதான் இருந்திருக்கும். ஜீப் அதை அவருக்குக் கேட்கவிடவில்லை.