ஒரு சாண் வெட்டு

பிள்ளைகளா, திருநள்ளாற்றுக்குப் போகும்போதெல்லாம் அந்த மதகடியில் ஏன் வண்டியை நிறுத்துகிறேன் என்று கேட்கிறீர்கள். வாயால் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

காவிரி ஊர் ஊராகப் பிரிந்து பிரிந்து, கடலுக்கு முன்னால் மிச்சமாகிற சின்ன விரல்தான் நம் வாய்க்கால். யார் வெட்டியது என்று தெரியாது. பிரெஞ்சுக்காரர்கள் வரும்போதே இருந்தது என்பார்கள். ஆடியில் தண்ணீர் கொண்டுவரும். ஐப்பசி மழையில் அதுவே வயலில் தேங்கியதை வாங்கிக்கொண்டு கடலுக்குப் போகும். மேல்வயல் வடித்து விட்டதுதான் கீழ்வயலுக்குப் பாசனம். இடையில் மாடு குளிக்கும், நீங்கள் செருப்பைத் தொலைப்பீர்கள்.

நீங்கள் தவழ்ந்துகொண்டிருந்த வருடம். நம் நாற்றங்கால் மஞ்சளாகிவிட்டது. இரண்டு நாளில் தண்ணீர் வராவிட்டால் நாற்று இல்லை, நடவும் இல்லை. அன்று காலையில் போன் வந்தது: "ஆத்துல ஷட்டரைத் தூக்கிட்டாங்க!"

முதல் தண்ணீர் வரும்போது ஒரு ஆள் அதோடு நடந்து வர வேண்டும். சருகும் பிளாஸ்டிக்கும் அடைத்துக்கொள்ளும். மண்வெட்டியால் தள்ளிவிட வேண்டும். தண்ணீர் நம்மைவிட மெதுவாக நடக்கும். நுரையைத் தள்ளிக்கொண்டு, வெடிப்பு வெடிப்பாக நின்று குடித்துவிட்டு வரும். முன்னால் எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடின. பக்கத்தில் ஒரு கொக்கு, எனக்குத் துணையாக வருவதுபோல் நடந்தது. தண்ணீரை முந்திவந்து, அந்த மதகின் மேல் பூவரசு நிழலில் உட்கார்ந்தேன். கண் சொருகியது. தண்ணீர் என்னைத் தாண்டி மண்டபத்தூர்க் கடலில் போய்க் கால் நனைப்பதாகக் கனவு.

விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வாய்க்கால் அப்படியே காய்ந்து கிடந்தது.

மேலே ஓடினேன். மேல்வயல்கார அக்கா வைக்கோலும் சேறும் போட்டு வாய்க்காலைக் குறுக்கே அடைத்து, மொத்தத் தண்ணீரையும் தன் நாற்றங்காலுக்குத் திருப்பியிருந்தார்.

"யாரைக் கேட்டு அடைச்சீங்க?"

"கேக்கலாம்னுதான் வந்தேன் தம்பி. நீங்க விட்ட கொறட்டையில கொக்கே பறந்துபோச்சு. எழுப்ப மனசு வரல."

"என் நாத்து கருகுதுக்கா!"

"என்னோடத வந்து பாருங்களேன். இது ரெண்டாவது வெத. மொதல்ல விட்டது மொளைக்கவே இல்ல."

பார்த்தேன். என் நாற்று மஞ்சள். அவருடையது நுனி கருகி, வைக்கோல் நிறத்தில் நின்றது. தூக்கிய மண்வெட்டியை என்ன செய்வதென்று தெரியவில்லை.

"சும்மா நிக்காதீங்க. இந்த அடைப்புல ஒரு சாண் வெட்டிக்குங்க. ஒங்களுக்குப் பாதி, எனக்குப் பாதி. சாணுன்னா ஒங்க கைச் சாண் இல்ல, என் கைச் சாண்!"

அவரே விரலை விரித்து அளந்து காட்டினார். அந்த அளவுக்கு வெட்டினேன். இருட்டும் முன் தண்ணீர் நம் வயலைத் தொட்டது.

விடிந்ததும் போய்ப் பார்த்தேன். நம் நாற்றங்காலில் கணுக்கால் அளவு தண்ணீர். சந்தோஷமாக மேலே நடந்தேன். அந்த வெட்டைத் தண்ணீர் அரித்து அரித்து ஒரு முழமாக்கியிருந்தது. அவருடைய மடைக்குச் சொட்டுகூட ஏறவில்லை. நாற்றங்காலில் ஈரம்தான் மினுங்கியது. சுற்றிலும் யாருமில்லை.

இறங்கினேன். சேற்றை அள்ளி இரண்டு பக்கமும் வைத்து மிதித்தேன். பிறகு விரல்களை விரித்து வைத்துப் பார்த்தேன். என் கைக்கு ஒரு சாண் இருந்தது. இன்னும் ஒரு பிடி சேறு வைத்தேன்.