மானை உயிரோடு பார்க்க விரும்பிய எஸ்தர் அக்கா

மீனவக் குப்பம் ஒன்றில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எஸ்தர் அக்காவின் எண். பேசியது அவருடைய தம்பி சாமுவேல். “சிஸ்டர், அக்கா பூட்டாங்க. காத்தாலதான்” என்றார். வரிசையில் இருந்த குழந்தைகளுக்கு ஊசி போட்டு முடித்துவிட்டுத்தான் பழவேற்காட்டுக்குக் கிளம்பினேன். அக்காவும் அப்படித்தான் செய்யச் சொல்லியிருப்பார்.

எங்கள் சுகாதார நிலையத்தில் மருந்து வாங்கிய எல்லோருக்கும் அவரைத் தெரியும். ஜன்னலுக்குப் பின்னால் கண்ணாடி அணிந்து, உரத்த குரலில் பேசும் மருந்தாளுநர். எந்த மாத்திரையை எப்போது போட வேண்டும் என்று நம் வாயாலேயே சொல்ல வைத்த பிறகுதான் கையில் கொடுப்பார். அவர் மான் பார்க்கப் போவார் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. நான் கூடப் போனவள். அதனால் எழுதுகிறேன்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது பேச்சு மான்மீது போனது. திருப்பாலைவனம் பக்கத்துப் புறம்போக்கில், சவுக்கும் வேலிகாத்தானும் மண்டிய இடத்தில் புள்ளிமான் மேய வருகிறது என்று யாரோ நோயாளி சொல்லியிருந்தார். அக்கா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். “எங்க நைனா கள்ளத்தனமா சுட்டுனு வருவாரு. மானை நான் கொழம்புலதான் பாத்துகீறேன். ஒரு தபா உயிரோட பாக்கணும் கலா” என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பைனாகுலர் வாங்கச் சென்னைக்குப் போனோம். கடைக்காரர் இருபது மடங்கு பெரிதாகக் காட்டும் ஒன்றை எடுத்து நீட்டினார். அக்கா வாங்கி எதிர்ச்சாரிப் பெயர்ப்பலகையைப் பார்த்தார். “எழுத்து பெருசாத்தான் கீது. ஆனா டான்ஸ் ஆடுது.” கை நடுங்குவதும் சேர்ந்து இருபது மடங்கு ஆகிறது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. பிறகு எட்டு மடங்குக் கருவி ஒன்றை எடுத்துக்கொண்டு வாசலுக்கே போய்விட்டார். நின்றிருந்த லாரிக்கு அடியில், நிழலுக்குள் பார்த்தார். “வெயில்ல எல்லாம்தான் தெரியும். மான் நிழல்லதான நிக்கும்?” அந்தப் பைனாகுலரின் முன்வில்லை அகலம், இருட்டிலும் துலக்கமாகத் தெரிந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமலே பார்க்க முடிந்தது. அதையே வாங்கினார்.

ஆனால் மான் தென்படவில்லை. விடியற்காலையில் என் ஸ்கூட்டரில் போவோம், புழுக்கையையும் குளம்புத் தடத்தையும் பார்த்துவிட்டுத் திரும்புவோம். கடற்காற்று முதுகில் அடித்த ஒரு காலையில் அக்கா சட்டென்று நின்றார். “நம்ம வாசனை நமக்கு முன்னாடி போய்க்கினே கீதுடி. அதுங்க எப்படி நிக்கும்?” சுற்றிப்போய் மேற்கிலிருந்து, காற்றை முகத்தில் வாங்கியபடி வந்து உட்கார்ந்தோம். வெகுநேரம் எதுவும் இல்லை. பிறகு அக்கா என் தொடையை அழுத்தினார். எனக்குப் புதர்தான் தெரிந்தது. “முழு மானைத் தேடாத. காது ஆடுது பாரு” என்று முணுமுணுத்தார். காது தெரிந்தது, பிறகு கண், பிறகு முதுகுப் புள்ளிகள். ஒரு பெட்டையும் அதன் குட்டியும். ஸ்கூட்டரை விட்டு இறங்கும்போது அக்கா, “இதையா தின்னோம்” என்றார்.

அதன் பின் மழைக்காலம் போக மாதாமாதம் போனோம். அப்படி ஒருநாள் அக்கா பைனாகுலரை இறக்காமலே, “அது காலை உதறுது, கண்ணியில மாட்டிகினுகீது” என்றார். நான் எழுவதற்குள் அவர் குரல் மாறிவிட்டது. “அய்யோ, சாமுவேலு.” கையில் கத்தியோடு மானை நோக்கி நடந்துகொண்டிருந்தது அவர் தம்பி.

“டேய் சாமுவேலு!” என்று கத்திக்கொண்டே அக்கா முள்ளுக்குள் ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். மான் கம்பிச் சுருக்கில் முன்னங்கால் அறுபட்டுத் துடித்துக்கொண்டிருந்தது. அக்கா தன் துப்பட்டாவை அதன் கண்கள்மேல் போட்டுக் கழுத்தை அணைத்துப் பிடித்தார்.

“சுருக்கை அவுத்து வுடு.”

“நைனா செஞ்சா வேட்டை, நான் செஞ்சா குத்தமா?” என்றார் சாமுவேல்.

“நைனா செஞ்சதும் குத்தம்தான். அவருகிட்ட சொல்ல எனக்கு அப்ப வாய் இல்ல. அவுத்து வுடுடா.”

அவர் சுருக்கைத் தளர்த்தினார். மான் எழுந்து, விழுந்து, மறுபடி எழுந்து நொண்டியபடி சவுக்குக்குள் போயிற்று. அக்கா உடம்பில் தைத்த முள்ளைக்கூட எடுக்காமல் போனை எடுத்தார். எத்தனை இடத்தில் கண்ணி வைத்திருக்கிறாய் என்று தம்பியிடம் கேட்டார். அவர் கத்தியை இடுப்பில் செருகினார். அக்கா அவர் எதிரிலேயே வனத்துறைக்குப் பேசி இடத்தைச் சொன்னார், வைத்தது தன் தம்பி என்று பெயரையும் சொன்னார். “தம்பியா?” என்று அந்தப் பக்கம் கேட்டது என் காதிலும் விழுந்தது. “ஆமா, கூடப் பொறந்தவன்” என்றார்.

சாமுவேல் சிறைக்குப் போய் ஜாமீனில் வந்தார். வழக்கு இழுத்தது. உறவினர்கள் அக்காவை எந்த விசேஷத்துக்கும் அழைக்கவில்லை. கிறிஸ்துமஸ் அன்று அவர் செய்த கேக்கை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து, நாங்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வருந்துகிறீர்களா என்று கேட்டேன். “வருத்தம் கீது. ஆனா திரும்பவும் அதைத்தான் செய்வேன்” என்றார்.

அக்காவுக்குச் சிறுநீரகம் பழுதானபோது, டயாலிசிஸுக்கு அழைத்துப்போகத் தன் ஆட்டோவோடு வந்து நின்றவர் சாமுவேல். யாரும் சொல்லி அனுப்பவில்லை. கல்லறையில் மண் போட்ட பிறகு என்னிடம், “கோவம் இன்னும் போவல சிஸ்டர். ஆனா அக்கா இல்லன்னா யார்கிட்ட கோச்சிக்கிறது?” என்றார்.

கடைசியாக மருத்துவமனையில் அக்காவைப் பார்த்தபோது, எல்லா நோயாளிகளிடமும் சொல்வதை அவரிடமும் சொன்னேன்: “சரியாயிடும் அக்கா.”

“உனக்குத் தெரியுமா?” என்றார்.

“தெரியாது.”

“அப்ப சொல்லாத. சும்மா உக்காரு, அது போதும்.”

உட்கார்ந்தேன். அவர் தூங்கும்வரை உட்கார்ந்திருந்தேன். இப்போதெல்லாம் படுத்திருப்பவர்களிடம் சரியாகிவிடும் என்று நான் சொல்வதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறேன். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது.