தாளம் தப்பி ஆடிய கூட்டம்

எல்லோரும் அவளைக் கண்டக்டர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை முதல்முறை கேட்ட வயலின்காரர் ஒருவர் பயபக்தியோடு எழுந்து நின்று, "எந்த இசைக்குழுவ நடத்தினீங்க மேடம்?" என்று விசாரித்தாராம்.

"டவுன் பஸ்ஸுங்க. ரயிலடியிலேருந்து ஆஸ்பத்திரி வரைக்கும்" என்றாள் அவள்.

உண்மைதான். பல வருடம் பேருந்தில் டிக்கெட் கிழித்தவள். காலை நேரத்தில் மூச்சுவிட இடமில்லாத வண்டிக்குள் முன்வாசலிலிருந்து பின்வாசல் வரை நீந்திப் போய் நீந்தி வந்தவள். பிரேக் போட்டால் யார் மேல் யார் சாய்வார்கள் என்பது டிரைவர் காலை அழுத்துவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். பிறகு டிக்கெட் கொடுக்கும் இயந்திரம் வந்தது. கண்டக்டர்கள் வீட்டுக்குப் போனார்கள். அவள் வீட்டில் உட்காருகிற ரகம் இல்லை. திறந்தவெளி இசைநிகழ்ச்சிகளின் வாசலில் டிக்கெட் சரிபார்க்கும் வேலைக்குப் போனாள். அங்கே ஒருநாள் வாசலில் நெரிசல் கூடியபோது எல்லோரும் ஜனங்களைப் பின்னால் தள்ளிக்கொண்டிருக்க, இவள் யாரையும் கேட்காமல் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள். அதற்காகச் செமையாகத் திட்டு வாங்கினாள். திட்டிய அதிகாரியே மறுவாரம் கூப்பிட்டுப் பாதுகாப்புக் குழுவில் சேர்த்துக்கொண்டார். வகுப்புக்குப் போனாள், மைதான வரைபடம் படிக்கக் கற்றாள், தேர்வில் ஒருமுறை கோட்டைவிட்டு மறுமுறை தேறினாள். இப்போது பெரிய நிகழ்ச்சி எதுவானாலும் கூட்டத்தின் பாதுகாப்பு அவள் பொறுப்பு.

அவள் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். ஆள் நல்ல உயரம். கூட்டம் என்றாலே காத தூரம் ஓடுவார். சந்தையில் நாலு பேர் அதிகமாக நின்றால் காய்கறியே வேண்டாம் என்று வெறும் பையோடு திரும்பிவிடுவார். ஆனால் ஒரே ஒரு பாடகன் மேல் மட்டும் அவருக்குத் தீராத பைத்தியம். குளியலறையில் அவன் பாட்டை இவர் உச்சத்துக்குக் கொண்டுபோகும்போது பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்துவார். அந்தப் பாடகன் ஊருக்கு வருகிறான் என்றதும், மனைவியிடம்கூடச் சொல்லாமல் டிக்கெட் எடுத்துவிட்டார்.

"என்கிட்ட சொல்லியிருந்தா ஓரமா ஒரு நாற்காலி போடச் சொல்லியிருப்பேனே?"

"நாற்காலியில உக்காந்து கேக்கவா இத்தனை வருஷம் காத்துக்கிட்டிருந்தேன்? மேடைக்கு முன்னாடி நிக்கப் போறேன்."

"நில்லுங்க. வலது பக்கம் மட்டும் போகாதீங்க."

தலையாட்டினார். அவர் தலையாட்டினால் பாதிதான் காதில் விழுந்தது என்று அர்த்தம்.

வலது பக்கத்தில்தான் சிக்கல். ஒலிபெருக்கிக் கோபுரத்தைச் சுற்றிலும் வேலி போட்டிருந்ததால், மைதானம் அந்த இடத்தில் புனல் மாதிரி குறுகியது. கோபுரத்தை நகர்த்த முடியுமா என்று கேட்டாள். மற்ற இடமெல்லாம் மண் இளகிக் கிடக்கிறது, கோபுரம் சாய்ந்துவிடும் என்றார் பொறியாளர். அதுவும் நியாயம்தான். இருவரும் பேசி, அந்தப் பக்கம் அவசரத்துக்கு ஒரு கதவு வைத்தார்கள், ஆட்களைக் கூட்டினார்கள். மீதி பாடகனின் கையில் இருந்தது. சரியாகச் சொன்னால் காலில்.

மத்தியானம் ஒத்திகையின்போது அவனிடம் போனாள். சின்ன வயசுக்காரன், வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, மேடையோட வலது கோடிக்கு ஓடிராதீங்க. நீங்க எங்க போறீங்களோ கூட்டமும் அங்கதான் வரும்."

"சத்தியமா போக மாட்டேன்க்கா."

"போனா பாட்ட நிறுத்திடுவேன்."

பக்கத்தில் நின்ற அவனுடைய மேனேஜருக்குப் பகீரென்றது. "டிவியில நேரடியா போகுதுங்க! நடுவுல நிறுத்துறதாவது?"

"எது போனாலும் நிறுத்துவேன் சார்."

"அக்கா நிறுத்தினா நான் வாய மூடிக்கிறேன், போதுமா?" என்று பாடகன் சிரித்தான்.

பொழுது சாயும்போது பாட்டு தொடங்கியது. மேடைக்கும் தடுப்பு வேலிக்கும் நடுவே போட்டிருந்த சின்ன மரமேடையில் அவள் நின்றாள். இத்தனை வருடத்தில் எந்தப் பாடகனையும் அவள் பாடும்போது பார்த்ததில்லை. முதுகைக் காட்டி நின்றே எல்லாப் பாட்டும் மனப்பாடம். அவள் பார்ப்பது முகங்களை. கத்துகிறவர்களைப் பற்றிக் கவலையில்லை. கத்துவதற்கு அவர்களிடம் மூச்சு இருக்கிறது. கையைத் தூக்க முடியாமல், சத்தமில்லாமல், மேலே பார்த்து வாயைத் திறந்திருக்கிற முகம்தான் ஆபத்தான முகம்.

நாலைந்து பாட்டு சுகமாகப் போயிற்று. பிறகு எல்லோரும் காத்திருந்த அந்தப் பாட்டு வந்தது. பாடகனுக்குச் சத்தியமெல்லாம் மறந்துபோக, வலது கோடிக்கு ஒரே ஓட்டமாக ஓடினான். மைதானமே அந்தப் பக்கம் திரும்பியது.

கூட்டம் பாட்டுக்கு ஆடினால் அவளுக்குப் பயமில்லை. இப்போது பாட்டு ஒரு வேகத்தில் போக, தலைகள் வேறொரு வேகத்தில் மொத்தமாகச் சாய்ந்து மொத்தமாகத் திரும்பின. ஆடுவது அவர்கள் இல்லை. நெருக்கம் அவர்களை ஆட்டுகிறது. சரியாக அந்த இடத்தில், எல்லாத் தலைக்கும் மேலே, ஒரு தெரிந்த தலை. கண்ணாடியைக் காணோம். முகம் தக்காளி மாதிரி சிவந்து யாரையோ திட்டிக்கொண்டிருந்தது. அவர் நெஞ்சோடு ஒட்டி ஒரு பச்சைச் சட்டைப் பெண். முகம் வெளுத்து, வாய் திறந்து, கைகள் எங்கே என்றே தெரியவில்லை.

அவள் கண் முதலில் கணவர் மேல்தான் நின்றது. அது ஒரு கணம்தான். வாக்கி-டாக்கியை வாயருகே கொண்டுபோனபோது குரல் எப்போதும்போல் இருந்தது.

"பாட்ட நிறுத்துங்க, மைக் மட்டும் இருக்கட்டும். மைதான விளக்கு எல்லாம் போடுங்க. வலது கதவத் திறங்க."

பாட்டு பாதியில் அறுந்தது. பாடகனின் காதுக்கருவியில் அவள் குரல் போயிற்று. "தம்பி, சிரிச்ச முகமாவே பேசுங்க. முன்னாடி இருக்கிறவங்களால நகர முடியாது. பின்னாடி இருக்கிறவங்ககிட்ட பேசுங்க."

அவன் ஒரு நொடி திகைத்தான்; உடனே பிடித்துக்கொண்டான். "பின்னாடி மேட்டுல நிக்கிற என் சொந்தங்களே, உங்களத்தான்! எனக்காக நாலு அடி பின்னாடி போங்க. மெதுவா. யார் அழகா போறீங்கன்னு நான் பாக்கறேன்."

பின்வரிசை சிரித்துக்கொண்டே நகர்ந்தது. இறுகச் சுற்றிய கயிறு ஒவ்வொரு சுற்றாக அவிழ்வதுபோல் இளக்கம் முன்னால் வந்தது. ஆனால் பச்சைச் சட்டைப் பெண்ணுக்கு அதுவரை பொறுக்காது. கண்டக்டர் அக்கா கணவரை நோக்கிக் கையை வீசி அந்தப் பெண்ணைக் காட்டினாள். இரண்டு உள்ளங்கைகளையும் மேலே உயர்த்தினாள். கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக மனிதர் மறுபேச்சில்லாமல் சொன்னதைச் செய்தார். பெண்ணின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். மற்றவர்களின் தலைக்கு மேலாகக் கைமாறி அந்தப் பெண் வேலிக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டாள். அடுத்து ஒரு வயசானவர். அடுத்து இன்னொருவர். கடைசி ஆள் வரும்வரை கணவரை அங்கேயே நிற்கச் சொல்லி அவள் கை காட்டினாள். நின்றார்.

முதலுதவிக் கூடாரத்தில் தண்ணீர் குடித்து மூச்சு வாங்கிய அந்தப் பெண் முதலில் கேட்டது, "பாட்டு முடிஞ்சிருச்சா?"

முடியவில்லை. பாடகன் மிச்சத்தை ஆணியடித்தாற்போல் நடுமேடையில் நின்றே பாடினான். இறங்கி வந்ததும், "கால் தன்னால ஓடிருச்சுக்கா" என்று தலையைச் சொறிந்தான்.

"கால கொஞ்சம் கண்டிச்சு வைங்க தம்பி" என்றாள்.

மறுநாள் காலை வீட்டுச் சமையலறையில் கணவர் பழைய கண்ணாடி ஒன்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதன் ஒரு காம்பு உடைந்து நூலால் கட்டியிருந்தது. டீயைத் தொடவில்லை.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லைன்னா டீ ஏன் ஆறுது?"

அவ்வளவுதான், கொட்டித் தீர்த்துவிட்டார். "கூலியாள்கிட்ட சொல்ற மாதிரி கையக் காட்டி வேல வாங்கின. இந்த மனுஷன் இருக்கானா செத்தானான்னு என்னை ஒரு பார்வ பாத்தியா?"

"முதல்ல பாத்ததே உங்களத்தான். உங்ககிட்ட கண்ணாடி இல்ல, அதான் என் கை மட்டும் தெரிஞ்சிருக்கு, கண்ணு போன இடம் தெரியல."

அவர் டீயைக் கையில் எடுத்தார்.

"முகம் செவந்து கத்திக்கிட்டிருந்தீங்க. மூச்சு இருக்குன்னு தெரிஞ்சுது. அந்தப் பொண்ணுக்கு இல்ல. நான் உங்ககிட்ட ஓடி வந்திருந்தா அவள யாருங்க பாக்கறது?"

சொல்லிவிட்டு அவர் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். விலாவில் நீலம் பாரித்துக் கிடந்தது. அதன்மேல் மெல்ல உள்ளங்கையை வைத்தாள். நேற்று நின்று பார்க்க நேரமில்லாததையெல்லாம் சேர்த்துப் பார்த்தாள். அவர் அந்தக் கையைப் பிடித்து அப்படியே வைத்துக்கொண்டார்.

"வலது பக்கம் போகாதீங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்ன. மேடைக்கு வலதா, எனக்கு வலதான்னு சொல்லலியே."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் யோசித்தபோது அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. அடுத்த நிகழ்ச்சியிலிருந்து குழுவில் யாரும் இடது வலது பேசவில்லை. கோபுரம் நிற்பது கோபுரப் பக்கம், தின்பண்டக் கடைகள் இருக்கும் எதிர்ப்பக்கம் கடைப் பக்கம் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்த நிகழ்ச்சிக்குக் கணவரும் வந்தார். பின்னால் மேட்டின்மேல், கையை வீசி நடக்க இடமிருக்கும் ஒரு மூலையில் நிற்கவைத்தாள். முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். இப்போது கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், லென்ஸைத் துடைத்தபடி, "பாட்டு கேக்கணும்னா பின்மேடுதாங்க. இது நானே கண்டுபிடிச்சது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.