பதினோராம் நம்பர் வீட்டுப் படையல்

போன சனிக்கிழமை மத்தியானம் நான் அடுத்த வீட்டில் திருட்டுச் சாப்பாடு சாப்பிட்டேன். சிரிக்காதீர்கள்... முழுவதும் படித்துவிட்டு, முடிந்தால் சிரியுங்கள்.

பினாங்கில் கப்பலுக்குக் கப்பல் ஜனம் வந்து இறங்குகிறது. இறங்குகிறவர்களுக்கு வீடு வேண்டாமா? நேற்றுத் தென்னந்தோப்பாக இருந்த இடத்தில் இன்று வரிசை வீடுகள். எல்லாவற்றுக்கும் ஒரே பச்சைக் கதவு, ஒரே மாதிரி ஜன்னல். பன்னிரண்டாம் நம்பருக்கு நாங்கள் குடிவந்து இரண்டு வாரம்தான் ஆகிறது.

சனிக்கிழமை ஆபீஸ் அரை நாள். நல்ல வெயில், நல்ல பசி. கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தால் உள்ளே ஒரே இருட்டு. ஜன்னல்கள் சாத்தியிருந்தன. சின்ன விளக்கு ஒன்று, அதன் முன்னால் வாழையிலையில் சாப்பாடு. அமாவாசை, அதனால்தான் விளக்கு என்று நினைத்துக்கொண்டேன். கொல்லையில் பேச்சுக்குரல் கேட்டது. மனைவிதான் யாருடனோ பேசுகிறாள்... உட்கார்ந்தேன். இரண்டு வடையும் பாதிப் பாயசமும் உள்ளே போயின.

கண் இருட்டுக்குப் பழகியது. விளக்குக்குப் பின்னால், நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்து நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படம்தான். கோட்டு, தலைப்பாகை, மேலே மாலை. இலை ஓரத்தில் பற்றவைக்காத சுருட்டும் தீப்பெட்டியும். இறந்தவருக்குப் படையல் போட்டு, அவர் நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று கதவைச் சும்மா சாத்திவிட்டு, வீட்டார் கொல்லையில் காத்திருக்கிறார்கள். நான் இருப்பது பதினோராம் நம்பர்! எச்சில் கையோடு ஓடிவந்துவிட்டேன்.

விஷயத்தைச் சாயங்காலம் மனைவி சொன்னாள். அந்த வீட்டில் இருப்பவர் மங்களம் அம்மாள் (பெயரை மாற்றியிருக்கிறேன்). கணவர் துறைமுகத்தில் கணக்கு எழுதும் கிராணி வேலை பார்த்தவர். போன வருஷம் காலமானார். புது ரோடு போடுவதற்காகப் பழைய வீட்டை இடித்துவிட்டார்கள். இங்கே வந்த நாளிலிருந்து அம்மாளுக்கு ஒரே கவலை... அவர் அங்கே வந்து, வீட்டைக் காணாமல் தெருவில் நிற்பாரே! இந்த விலாசம் அவருக்கு எப்படித் தெரியும்? எத்தனை அமாவாசை படைத்தும் இலை வைத்தது வைத்தபடியே இருந்ததாம். அம்மாளுக்குத் தூக்கமே கிடையாதாம்.

உயிரோடு இருக்கிற எனக்கே இந்த வரிசையில் சொந்த வீடு பிடிபடவில்லை. அவருக்கு?

மறுநாள் காலை மன்னிப்புக் கேட்கப் போனேன். வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மாளே சொன்னார்.

“அண்ணே, அவரு வீட்டைக் கண்டுபிடிச்சிட்டாரு. வடையைச் சாப்பிட்டுப் பாயசத்தையும் பாதி குடிச்சிருக்காரு. நேத்துதான் நான் நல்லாத் தூங்கினேன்.”

அந்த முகத்தைப் பார்த்து எப்படி உண்மையைச் சொல்வது? “ரொம்ப சந்தோஷம் அம்மா” என்று மட்டும் சொல்லிவைத்தேன். அம்மாளுக்குப் படிக்கத் தெரியாது என்ற தைரியத்தில்தான் இந்தப் பத்திரிகையில் எழுதுகிறேன். அந்த வரிசையில் இருக்கிற வாசகர்கள் தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள்.

கிளம்பும்போது, “இதையும் பாருங்கண்ணே” என்று ஒரு பித்தளைத் தட்டை நீட்டினார். அதில் பாதி புகைத்து அணைத்த சுருட்டு.

எனக்குச் சுருட்டுப் பழக்கம் கிடையாது.