கலியாணத்துக்குக் காத்திராத வீடு

நாவிதன்வெளியில் உள்ள எங்கள் வயலில் நெல் வெட்டும் மெஷின் இறங்கிய அன்று வாப்பா வரம்பிலேயே மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும், "நான் இரிக்கக்குள்ளயே சொத்து விசயத்தக் கதைச்சு முடிச்சிருவம்" என்றார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, எனக்கு மூத்த காக்காவும் ராத்தாவும் வந்தார்கள். எங்கள் ஊரில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். ராத்தாவுக்கு அடுத்த தெருவில் வாப்பா கட்டிக் கொடுத்தார். காக்கா தன் மனைவிக்குக் கிடைத்த வீட்டில் இருக்கிறார். நான் மட்டும் நாற்பதை நெருங்கியும் கலியாணம் இல்லாமல், பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்துக்கொண்டு உம்மா வாப்பாவோடு இருந்தேன்.

"வயல் மார்க்கச் சட்டப்படி பிரியட்டும். இந்த வீடு சின்னவளுக்கு. கலியாணம் முடிக்கக்குள்ள எழுதுவன்" என்றார் வாப்பா.

"கலியாணம் நடக்காட்டி, வாப்பா?"

இத்தனை வருடமும் கேட்கத் துணியாத கேள்வி அது. காக்காதான், "தனிய ஒரு பொம்புளைக்கு வீடு என்னத்துக்கு? எல்லாருக்கும் பொதுவா இரிக்கட்டுமே" என்றார்.

சமைத்துக்கொண்டிருந்த உம்மா குசினியிலிருந்து வந்து காக்காவின் முன் நின்றார். "நாங்க மௌத்தாப் போனா இவ எங்க இரிக்கிற? ஒன்ட வீட்டுலயா?"

பதில் சொல்ல வாயெடுத்த காக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்கு எங்க வீடு, உம்மா? நானே பொஞ்சாதிட வீட்டுலதானே இரிக்கன்!" எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் அவர் வாப்பாவிடம் சொன்னார்: "இப்பவே எழுதுங்க. நாளைக்கு என்ட புள்ளைகள் இவவோட வழக்குக்குப் போகப்படாது."

நாங்கள் உறுதிப் பத்திரம் எழுதப் போன நொத்தாரிசு ஒரு பெண். "வீட்டைக் கொடுத்த பிறகு நீங்க ரெண்டு பேரும் எங்க இருப்பீங்க?" என்று கேட்டார். வாப்பா அதை யோசித்திருக்கவில்லை. சீவிய காலம்வரை இருவரும் அங்கேயே வாழும் உரிமையை நன்கொடை உறுதியிலேயே எழுதி வைக்கலாம் என்றார் நொத்தாரிசு. வயலைப் பிரிக்க அதன் உறுதி எங்கே என்று அடுத்துக் கேட்டார். அது சுனாமியில் போய்விட்டது. காணிப் பதிவுக் கந்தோருக்கு அலைந்து பிரதி எடுத்து வந்தவர் காக்காதான்.

வீட்டை ஏற்றுக்கொள்வதாக நான் கையெழுத்திட்டேன். ராத்தா என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

சில நாள் கழித்து வாப்பா என் அறைக்கு வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். "மகள், இதுல ஒரு ஜன்னல் வெச்சாக் கடல் காத்து வரும். ஒங்களுக்கு விருப்பமா?"

வீட்டைப் பற்றி அவர் என் விருப்பத்தைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஓம் வாப்பா, பெரிசாவே வைப்பம்" என்றேன்.