வியாகுலம்மாளும் நடு நாற்காலியும்

நாட்டின் தலைமை நீதிபதியைப் பற்றி வியாகுலம்மாளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். அவருக்கு மேலே ஆள் கிடையாது. வழக்கு டெல்லிக்குப் போனபோது அது தெரிந்தால் போதும் என்றுதான் இருந்தார்.

கொடைரோட்டுக்குப் பக்கத்தில், ரயில் சத்தம் கேட்கிற தூரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். வியாகுலம்மாளின் மல்லிகைத் தோட்டத்துக்கும் தார்ச்சாலைக்கும் நடுவில் கொழுந்தன் ஜெரோமின் தென்னந்தோப்பு. கணவர் ஆரோக்கியதாஸ் இருந்தவரை அந்தத் தோப்பின் ஓரமாகப் போகிற வண்டிப்பாதையில்தான் பூ மூட்டைகள் போயின. அண்ணன் தம்பிக்குள் யாரும் யாரையும் கேட்டதில்லை. ஆரோக்கியதாஸ் இறந்த மறுவருடம் ஜெரோம் பாதையின் வாயில் ஒரு முள்படலைச் சாத்தினார்.

"போக வேணாம்னு சொல்லல மதினி. ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்க. எடம் எம்பேர்ல இருக்கு."

"வாக்கப்பட்டு வந்த நாள்லருந்து நடந்த பாதை. இதை உங்கிட்டக் கேக்கணுமாக்கும்?"

வழக்கு அவ்வளவுதான். கேட்டால் கிடைக்கும். கேட்கமாட்டேன் என்பது வியாகுலம்மாளின் கட்சி. கேட்காமல் விடமாட்டேன் என்பது ஜெரோமின் கட்சி. மல்லிகைக்கு இந்த ரோசமெல்லாம் தெரியாது. விடியலில் பறித்த மொட்டு, வெயில் ஏறுவதற்குள் திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்குப் போய்விட வேண்டும். படல் விழுந்தபின் மூட்டைகள் வாய்க்கால் கரையைச் சுற்றித் தலைச்சுமையாகப் போயின. பாதி நாள் பூ வழியிலேயே வாய் திறந்து விலை இறங்கிவிடும்.

எங்கள் கோயிலில் பெண்கள் ஒரு பக்கமும் ஆண்கள் ஒரு பக்கமும் உட்காருவது வழக்கம். பூசையின் நடுவில் பக்கத்திலிருப்பவருக்குக் கைகூப்பிச் சமாதானம் சொல்லும் நேரத்தில், அந்த வழக்கம் இவர்கள் இருவருக்கும் மிகவும் வசதியாக இருந்தது.

திண்டுக்கல்லில் வியாகுலம்மாள் ஜெயித்தார். மதுரை ஹைகோர்ட்டில் தோற்றார். டெல்லியில், இதே மாதிரிப் பாதை வழக்குகளில் முன்பு வந்த இரண்டு தீர்ப்புகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்று தெரிந்தது. அதனால் தலைமை நீதிபதி தன்னையும் சேர்த்து மூன்று பேர் உட்கார்ந்து கேட்பதாக முடிவு செய்தார். இதைத் திண்டுக்கல் வக்கீல் ஸ்டான்லி சொன்னபோது வியாகுலம்மாளின் முகம் தெளிந்துவிட்டது.

"பெரியவரே கேக்கப் போறாரா?"

"ஆமாக்கா. எந்த வழக்கை எந்த ஜட்ஜு கேக்கணும்னு பிரிச்சுக் குடுக்குறது அவருதான். இதுல தானும் உக்காருறேன்னுட்டாரு."

"பிஷப்பு சாமியார்மாரை ஊர் ஊராப் போடுற மாதிரி."

ஸ்டான்லிக்கு அன்று வேறொரு வழக்கில் வாய்தா. கவுனை மாட்டிக்கொண்டே, "ஏறக்குறைய அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அந்தப் பதிலைத்தான் வியாகுலம்மாள் ஊருக்குக் கொண்டுவந்தார். பிஷப்பு ஒன்று சொன்னால் மற்ற சாமியார்கள் மறுபேச்சுப் பேசுவார்களா? எங்கள் ஊரில் யாருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. சொல்லப்போனால் ஜெரோமுக்கும் வரவில்லை.

தீர்ப்பு நாளன்று மருமகள் வினோலியாவைக் கூட்டிக்கொண்டு ஸ்டான்லியின் ஆபீசுக்கு வந்தார். மடிக்கணினித் திரையில் டெல்லி கோர்ட் தெரிந்தது. உயரமான மேடை, மூன்று நாற்காலி, மூன்று கண்ணாடி போட்ட முகங்கள். நடுவில் இருந்தவர் எல்லோரையும்விட மெலிந்திருந்தார். தண்ணீர் குடித்துவிட்டு, காகிதத்தைப் புரட்டி, தணிந்த குரலில் ஆங்கிலத்தில் வாசித்தார்.

"என்ன சொல்றாரு?"

ஸ்டான்லி கையமர்த்திக் கேட்டார். "உங்க பக்கம் நியாயம்கிறாரு. இத்தனை காலம் தடையில்லாம நடந்த பாதை உரிமையாயிரும், அதுக்கு அனுமதி கேக்க வேண்டியதில்லைங்கிறாரு. அப்படியே உங்க வார்த்தையக்கா!"

வியாகுலம்மாள் எழுந்து நின்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். வினோலியா போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடி, புருசன் இனிகோவைக் கூப்பிட்டாள். "ஏங்க, ஜெயிச்சாச்சு! பெரியவரே சொல்லிட்டாரு!"

அவள் திரும்பி உள்ளே வந்தபோது வலப்பக்க நாற்காலிக்காரர் பேசிக்கொண்டிருந்தார். ஸ்டான்லி கன்னத்தில் கைவைத்திருந்தார்.

"இவரு என்ன, ஆமாங்கிறாரா?"

"இல்லக்கா. வருத்தத்தோட மாறுபடுறேங்கிறாரு. சொந்தக்காரங்களுக்குள்ள விட்டுக்குடுத்தது உரிமையாகாதாம்."

"சரி, அவரு சொல்லிட்டுப் போறாரு. பெரியவரு சொல்லிட்டாருல்ல?"

இடப்பக்கத்தவர் சுருக்கமாகப் பேசினார். வலப்பக்கத்தவரோடு உடன்படுவதாகச் சொன்னார். பிறகு நடுவிலிருந்தவர் மறுபடி காகிதத்தை எடுத்து, முன்பு வாசித்த அதே குரலில் இரண்டு வரி வாசித்தார். பெரும்பான்மைத் தீர்ப்பின்படி மேல்முறையீடு தள்ளுபடி. காகிதக் கட்டை நகர்த்தி வைத்துவிட்டு அடுத்த வழக்கைக் கூப்பிடச் சொன்னார்.

"தோத்துட்டோம்க்கா" என்றார் ஸ்டான்லி.

"அவரு நம்ம பக்கந்தான தம்பி?"

"நம்ம பக்கந்தான். ஆனா தீர்ப்புன்னு வந்தா அவருக்கும் ஒரு வோட்டுதான். மத்த ரெண்டு பேரும் அந்தப் பக்கம் போயிட்டாங்க."

"அப்ப நடு நாற்காலி எதுக்கு?"

"யாராச்சும் நடுவுல உக்காரணுமேக்கா."

வினோலியாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. வியாகுலம்மாள் சிரிக்கவில்லை. "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க பிஷப்புன்னீங்க. நானும் அவசரத்துல ஆமான்னுட்டேன்." ஸ்டான்லி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒருத்தர் இஷ்டத்துக்கு நாடு நடக்கக்கூடாதுன்னுதான் இப்படி வச்சிருக்காங்க. தன் கருத்தைத் தனியா எழுதி வச்சுருவாரு. உத்தரவுல மத்தவங்களோட சேந்து அவரும் கையெழுத்துப் போடுவாரு."

"தனக்கு ஒப்பாததுலயா?"

"கோர்ட்டோட உத்தரவாச்சேக்கா. அவருந்தான கோர்ட்டு."

வியாகுலம்மாள் திரையைப் பார்த்தார். நடுவிலிருந்தவர் வேறு யாருடைய வழக்கையோ, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அத்தை, ஜெயிச்சாச்சுன்னு நான் உங்க மகனுக்குப் போன் பண்ணி..." என்று வினோலியா இழுத்தாள். அப்போதுதான் அடுத்த கவலை பிறந்தது. மறுபடி கூப்பிட்டால் இனிகோ போனை எடுக்கவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மூக்கில் வெடிமருந்து வாசம் அடித்தது. படல் இரண்டாகப் பிளந்து பள்ளத்தில் கிடந்தது. வண்டிப்பாதை நெடுக வெடித்த காகிதம். அதன்மேல் இனிகோவின் இருசக்கர வண்டி போய்வந்த தடம். ஜெரோம் கையில் போனோடு நின்றிருந்தார். அவருடைய மதுரை வக்கீல் விவரம் சொல்லிவிட்டிருந்தார். சுற்றி நின்றவர்களுக்கும் தெரிந்திருந்தது. இனிகோ மட்டும் தென்னைமரத்தைப் பார்த்தபடி நின்றான்.

"ஜெயிச்சவன் வேலியப் பிச்சுட்டுத் தோத்தவங்க வெடி போட்ட ஊரு இதுதான்" என்றார் ஜெரோம், யாரையும் பார்க்காமல்.

"பெரியவரு எங்க பக்கம்னாருல்ல சித்தப்பா?" என்றான் இனிகோ.

"ஏலே, வாய மூடு. அருவாளை எடு. ரெண்டு கருவேலங்கெளை வெட்டிட்டு வா" என்றார் வியாகுலம்மாள்.

யாரையும் கிட்டே விடவில்லை. தானே குந்தி உட்கார்ந்து, பிளந்த படலைச் சேர்த்துவைத்து, புது முள்ளைச் செருகித் தென்னங்கயிற்றால் கட்டினார். விரலில் முள் ஏறி ரத்தம் வந்தது. முந்தானையில் துடைத்துக்கொண்டு கட்டினார். படலை நிமிர்த்திப் பாதையின் வாயில் பழையபடி சாத்தியபின் அதற்கு வெளியே நின்றுகொண்டார்.

"ஜெரோமு. பூக் கொண்டுபோக வழி வேணும்."

ஜெரோம் அந்த வார்த்தைக்காக மதுரைக்கும் டெல்லிக்கும் போனவர். கேட்டதும் அவருக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. கோபம்தான் வந்தது.

"என்ன மதினி, எம் மேல பாவம்னு ஊர் சொல்லணுமா? பெரிய ஜட்ஜே உங்க பக்கம்னாருன்னு சொல்லிக்கிட்டே எங்கிட்டக் கேக்குறீங்களா?"

"அவரு சொன்னதுதான் சரி. சாகுற வரைக்கும் அதைத்தான் சொல்லுவேன்."

"பெறகு எதுக்குக் கேக்குறீங்க?"

"நீ ஜெயிச்சிருக்கேல்ல, அதுக்குத்தான்."

ஜெரோம் குனிந்து மதினி கட்டின கயிற்றை இழுத்துப் பார்த்தார். பிறகு "போய்க்கங்க. செவ்வாக்கிழமை மட்டும் வேணாம். அன்னைக்கு மாட்டை அங்கிட்டுக் கட்டுவேன்" என்றார்.

அப்படி ஒரு வழக்கம் அவருக்கு இருந்ததாக ஊரில் யாருக்கும் நினைவில்லை. ஒன்றுமே சொல்லாமல் கொடுத்துவிட அவருக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். வியாகுலம்மாள் தலையாட்டினார்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் அவர்கள் மூட்டையோடு கிளம்பியதைப் பார்த்தேன். படல் திறந்து கிடந்தது. மாடு தொழுவத்தில் நின்றது. பாதை முழுக்கக் காலி.

"அத்தை, யாருமில்ல. போயிருவோமா? பூ விரிஞ்சுரும்" என்றாள் வினோலியா.

"இன்னைக்குச் செவ்வாடி" என்று சொல்லிவிட்டு வியாகுலம்மாள் வாய்க்கால் கரைப்பக்கம் திரும்பி நடந்தார்.