சனிக்கிழமைப் பெட்ரோல்

டீச்சரின் ஃபியட் காரை நான் முதலில் அறிந்தது காதால்தான். பூந்தமல்லி டிரங்க் ரோட்டில், லாரிகளின் இரைச்சலுக்கு நடுவே, தகர டப்பாவுக்குள் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது போல ஒரு சத்தம் வந்தது. வெளிர் பச்சை வண்டி எங்கள் பங்க்குக்குள் திரும்பி நின்றது. ஐம்பது வயதை ஒட்டிய ஓர் அம்மாள் இறங்கி, ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்துச் சிவந்திருந்த உள்ளங்கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

"தம்பி, இங்க தொண்ணூத்தி மூணு கிடைக்குமா? வேற பங்க்ல சாதா பெட்ரோல் போட்டேன். வண்டி அழுவுற மாதிரியே இருக்கு."

எண்பதுகளின் கடைசி அது. அந்தப் பக்கத்தில் பெரும்பாலான பங்க்குகளில் எண்பத்தேழு ஆக்டேன் மட்டும்தான் இருக்கும். எங்களிடம் தொண்ணூற்று மூன்றும் உண்டு. எண் கூடினால் பெட்ரோலுக்கு வலு கூடும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். அப்படியல்ல. இன்ஜினுக்குள் எவ்வளவு அழுத்தினாலும் நேரம் வருமுன் தானாக வெடித்துவிடாமல் பொறுத்துக்கொள்ளும் தன்மையைச் சொல்வது அந்த எண். சில இன்ஜின்களுக்கு அந்தப் பொறுமை தேவை, பலவற்றுக்குத் தேவையில்லை. தேவையில்லாத வண்டியில் ஊற்றினால் வீண்செலவு, அவ்வளவுதான்.

டீச்சரின் கணவர் ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவர். வண்டியைத் தானே பிரித்துப் பூட்டுவார். தொண்ணூற்று மூன்றுதான் போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பாராம். ஓய்வுக்கு ஒரு வருடம் இருக்கும்போது மாரடைப்பில் போய்விட்டார். மகள் கல்யாணமாகி வடக்கே போய்விட்டதால், நெமிலிச்சேரியில் அவர்கள் கட்டிய வீட்டில் டீச்சர் தனியாக இருந்தார். கணவர் இறந்த பிறகுதான் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டதாகச் சொன்னார். அங்கிருந்து பூந்தமல்லிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை எட்டரை மணிக்கு வந்தார்.

பெட்ரோல் போட ஐந்து நிமிடம் போதும். அவர் அரை மணி நேரம் இருப்பார். காற்றடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஓர் இரும்பு நாற்காலி கிடக்கும். அதில் உட்கார்ந்து, பள்ளியில் எந்தப் பிள்ளை இமயமலையைக் கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் வரைந்து வைத்தான் என்று சொல்லிச் சிரிப்பார். போகும்போது தவறாமல் கேட்பார்: "ஊர்லேர்ந்து லெட்டர் வந்துச்சா?"

நான் பரமக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவன். பங்க்கில் மற்றவர்கள் எல்லோரும் திருமழிசைக்காரர்கள். தங்களுக்குள் பேசிச் சிரித்து, வேலை முடிந்ததும் ஒரே பஸ்ஸில் ஏறிப் போய்விடுவார்கள். யாரும் என்னைக் கெடுதலாக நடத்தவில்லை. ஆனால் சனிக்கிழமையைத் தவிர மற்ற நாட்களில் என்னிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை.

தை மாதத்தில் ஒரு நாள், பிளக்கைச் சுத்தம் செய்யப் பக்கத்து ஒர்க்ஷாப்பில் வண்டியைக் கொடுத்தார். அவர் போன பிறகு மெக்கானிக் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தார்.

"இன்னா நைனா, அந்தம்மா ஏன் தொண்ணூத்தி மூணு போட்டுகினு கீது? அது சாதா பெட்ரோல்ல ஓடுற வண்டிப்பா. ஊட்டுக்காரரு பிக்கப்புக்காக பிளக்குல பொறி வர்ற டைமிங்க முன்னால ஏத்தி வெச்சிகீறாரு. இம்மாத்தூண்டு பின்னால திருப்புனா முடிஞ்சுது. நீ சொல்லிடு."

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்கடுத்த சனிக்கிழமையும் அப்படியே. சாதா பெட்ரோல் போதும் என்று தெரிந்தால் அவர் வீட்டுக்குப் பக்கத்தில் பட்டாபிராமிலேயே போட்டுக்கொள்வார். மாசி போனது, பங்குனி போனது.

சித்திரைக் கடைசியில் ஒரு சனிக்கிழமை பதினொரு மணி ஆகியும் வண்டி வரவில்லை. வெயில் தார் ரோட்டில் அலையடித்தது. அந்த அலைக்குள்ளிருந்து டீச்சர் கையில் ஒரு கேனோடு நடந்து வந்தார். கரையான்சாவடிக்கு முன்னாலேயே பெட்ரோல் தீர்ந்துவிட்டதாம். நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன்.

"வழியில ரெண்டு பங்க் இருக்கே டீச்சர்?"

"அங்க தொண்ணூத்தி மூணு இல்லையே தம்பி."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. மெக்கானிக் அண்ணன் சொன்னதையெல்லாம் சொல்லிவிட்டேன்.

அவர் கேனைக் கீழே வைத்தார். "எப்பத்துலேர்ந்து தெரியும்?"

"தை மாசத்துலேர்ந்து."

"ஏன் சொல்லல?"

நீங்கள் வரமாட்டீர்கள் என்று பயந்தேன் என ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்குப் பதில் கேனை எடுத்துக்கொண்டு பெட்ரோல் நிரப்பப் போனேன். விலை கூடிய பெட்ரோலை விற்பதற்காக மறைத்தேன் என்றுதான் அவர் நினைத்திருக்க வேண்டும். மெக்கானிக் அண்ணன் கேனோடு போய் வண்டியை ஓட்டி வந்தார். பொறியின் நேரத்தை வைக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்தி, ஒரு நூல் அளவு திருப்பி, மறுபடி இறுக்கினார். ஐந்து நிமிட வேலை. "அவர் வெச்சது," என்று மட்டும் டீச்சர் சொன்னார். கடிதத்தைப் பற்றிக் கேட்காமல் கிளம்பிப் போனார்.

வைகாசி முழுவதும் சனிக்கிழமைகளில் எட்டரை மணிக்கு ரோட்டைப் பார்த்தேன். ஆனியில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து, பங்க்கை விட்டு வந்துவிட்டேன்.

ஏழெட்டு வருடம் கழித்துப் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் மெக்கானிக் அண்ணனைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. டீ குடிக்கும்போது அவராகவே சொன்னார்.

"நீ போன அடுத்த மாசம் டீச்சரம்மா வந்துச்சுப்பா. டைமிங்க ஊட்டுக்காரரு வெச்ச மாரியே வெக்கச் சொல்லிச்சு. சாதா பெட்ரோலே போதும்மான்னேன். 'போதும்னு தெரியும், சனிக்கிழமை எங்க போறதுன்னுதான் தெரியல'ன்னுச்சு. அந்தத் தம்பி எங்கன்னு கேட்டுச்சு. எனக்கு இன்னா தெரியும்? ரெண்டு வருசம் வந்துகினு இருந்துச்சு. அப்பால காணோம்."

மறுநாள் மின்சார ரயிலில் நெமிலிச்சேரி போனேன். ஸ்டேஷனுக்குப் பின்னால் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். வேறு யாரோ குடியிருந்தார்கள். டீச்சர் வீட்டை விற்றுவிட்டு மகளோடு வடக்கே எங்கேயோ போய்விட்டதாகச் சொன்ன அந்த வீட்டுப் பெண், "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

பெட்ரோல் பங்க்கில் வேலை பார்த்தவன் என்றேன். அவர் மேலும் ஏதோ எதிர்பார்த்துக் கதவைப் பிடித்தபடி நின்றார். நான் ஸ்டேஷனை நோக்கித் திரும்பி நடந்தேன்.